மூன்று ஆண்டில் மூன்று மழை

கோவளத்துக்குச் சற்று வடக்கே, முட்டுக்காடு உப்பங்கழி கடலைத் தொடும் இடம் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. கோடையில் அலைகள் ஒதுக்கும் மணல் சேர்ந்து முகத்துவாரம் குறுகும்; சில ஆண்டுகளில் முற்றிலும் அடைபட்டுவிடும். உள்ளே தங்கிய நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பேறும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்து, ஏரிகளின் உபரிநீரும் பக்கிங்காம் கால்வாயின் வெள்ளமும் வந்து முட்டும்போது மணல்திட்டு உடைகிறது. சில சமயம் இயந்திரம் வைத்து வெட்டியும் விடுகிறார்கள். பிறகு சில நாள்களிலேயே கழியின் மேல்நீர் உப்பிழந்து நன்னீரை நெருங்கிவிடும். சென்னைக் கரையோரத்தின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதங்களில் கொட்டுகிறது. இந்தக் கழியின் மிதவை உயிரிகளையோ, மடவைக் குஞ்சுகளையோ, அடிச்சேற்றில் படியும் உலோகங்களையோ ஆராய வரும் முனைவர் பட்ட மாணவரின் கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்தச் சில வாரங்களில்தான் இருக்கிறது. முகத்துவாரம் உடைவதற்கு முன் எடுத்த மாதிரியையும் உடைந்தபின் எடுத்த மாதிரியையும் பக்கத்தில் வைத்தால்தான் ஒப்பிட முடியும். முன்னது கைதவறினால் அடுத்த செப்டம்பர் வரை வேறு வழியில்லை.

ஆய்வு மாணவர் ஒருவர் தம் பருவத்தைத் திட்டமிடுவது எப்படி என்ற கேள்விக்கு இந்தக் கழிமுகத்தைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவுக்கும், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் அவகாசம் தனியே உண்டு. மூன்று ஆண்டு என்றதும் மனம் முப்பத்தாறு மாதம் என்று கணக்கிட்டு நிம்மதியடைகிறது. கோவளத்துக் கழியின் கணக்கில் அது மூன்று மழைக்காலம் மட்டுமே. ஜூலையில் சேரும் மாணவர் முதல் பருவத்தில் பாடத்தேர்வுகளுக்குப் படிக்கிறார். அந்த விதிகள் கேட்கும் கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட். உப்பளவுமானி, வலை, மாதிரிப் புட்டிகள் எல்லாம் கைக்கு வந்துசேர்வதற்குள் முதல் மழை போய்விடுகிறது. மூன்றாவது மழை பெய்யும்போது ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்க வேண்டும். எஞ்சுவது ஒன்று, அந்த ஒன்றும் பொய்த்தால் அல்லது அளவுக்கு மீறிப் பெய்தால் எதுவும் இல்லை. ஆகவே ஒரு பருவத்தைத் திட்டமிடும் மாணவர் முதலில் எண்ண வேண்டியது கையில் இருக்கும் வாரங்களை அல்ல, திரும்பக் கிடைக்காத சந்தர்ப்பங்களை. அடுத்து, அந்தச் சந்தர்ப்பங்களுக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கும் என்பதைத் தம் நம்பிக்கையிலிருந்து ஊகிக்காமல், ஏற்கெனவே நடந்தவற்றின் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டாவதாகச் சொன்னதுதான் கடினம். மனித மனம் அதற்கு எளிதில் இணங்குவதில்லை என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது.

1979இல் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் இந்தக் கோளாறுக்குத் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டார்கள். அதை மாணவர்களிடமே அளந்து பார்த்தவர்கள் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள். கனடாவில் நடந்த அவர்களுடைய ஆய்வு 1994இல் வெளியானது. இறுதியாண்டு ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருந்த 37 மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே கோணலாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள், அதற்கு 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்துக்கு மூன்று பேர்தான். இங்கே கவனிக்க வேண்டியது அந்த நடு எண். மோசமான நிலையைக் கற்பனை செய்யச் சொன்னபோதும் அவர்களுடைய கற்பனை நடப்பை எட்டவில்லை. சோம்பல் என்றோ அக்கறையின்மை என்றோ இதைத் தள்ளிவிட முடியாது. திட்டமிடும்போது நாம் வேலையை உள்ளிருந்து பார்க்கிறோம். முதலில் இது, பிறகு அது என்று ஒரு கதை ஓடுகிறது. அந்தக் கதையில் மின்தடை இல்லை, காய்ச்சல் இல்லை, நெறியாளரின் வெளியூர்ப் பயணம் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பது என்றால், இதே போன்ற வேலைக்கு இதற்கு முன் எவ்வளவு காலம் ஆனது என்று மட்டும் கேட்பது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், தம் பழைய அனுபவத்தை நினைவுகூர்ந்து அதை இப்போதைய வேலையோடு இணைத்துப் பார்க்கச் சொன்னபோது மாணவர்களின் கணிப்பில் இருந்த சாய்வு மறைந்தது. பழைய அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறது. அதைக் கணிப்புக்குள் கொண்டுவர ஒருவர் வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

கோவளத்துக்கு இந்த வெளிப்பார்வையைப் பொருத்திப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒற்றைப்படைப் பருவத்தின் முடிவும் தேர்வும் நவம்பர், டிசம்பரில் விழுகின்றன. ஜூலையில் உட்கார்ந்து திட்டம் போடும் மாணவர், நவம்பர் கடைசியில் மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்து டிசம்பரில் கட்டுரை வரைவை முடிப்பேன் என்று எழுதுகிறார். எழுதும்போது அது நியாயமாகவே தோன்றும். இனிப் பதிவைப் பார்ப்போம். 2015 டிசம்பர் முதல் வாரப் பெருவெள்ளம் சென்னையையும் காஞ்சிபுரம் மாவட்டத்தையும் மூழ்கடித்தது, தேர்வுகள் தள்ளிப்போயின. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல். 2020 நவம்பர் இறுதியில் நிவர். 2021 நவம்பரில் சென்னையில் நாள்கணக்கில் கனமழை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல், புதுச்சேரி அருகே. பத்து ஆண்டில் ஏழு முறை, நவம்பர் தொடக்கத்துக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடையில், இந்தக் கரையில் பேருந்தும் மின்சாரமும் நின்று வாழ்க்கை தடைபட்டிருக்கிறது. இதை எதிர்பாராத இடையூறு என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதுவது சரியில்லை. அந்த வாரங்களில் குறைந்தது ஒன்று போகும் என்பதுதான் நேர்மையான கணிப்பு. மின்சாரம் போனால் உறைகுளிர்ப் பெட்டியில் இருக்கும் மாதிரிகளுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

கழியை விட்டுக் கடலைப் பார்ப்பவருக்கும் இப்படியே நாள்காட்டி உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டில் விசைப்படகு இறக்கும் மீனை அளந்து வளர்ச்சி வீதம் கணக்கிடுபவரின் தரவில் அந்த இரண்டு மாதம் வெற்றிடமாகத்தான் இருக்கும். கோவளத்தின் ஃபைபர் படகுகள் அந்தத் தடைக்கு உட்பட்டவை அல்ல என்பதால் அங்கே மீன் வருவது தொடரும், ஆனால் வேறு வலை, வேறு ஆழம், வேறு இனங்கள். இரண்டையும் ஒரே தரவுத்தொகுப்பில் கலந்தால் மீனின் மாற்றத்தையும் படகின் மாற்றத்தையும் பிரித்தறிய முடியாது. பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுவது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. முட்டை பொரிய ஆறு முதல் எட்டு வாரம். 2025 ஜனவரியில் சென்னை முதல் கோவளம் வரையிலான கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, உடல்களை அளக்கவும் மாதிரி எடுக்கவும் யாருக்கு அனுமதி இருந்ததோ அவர்களுக்கு மட்டுமே அது தரவாயிற்று. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டிய பருவம் ஆமை வரும் பருவம் அல்ல, அதற்கு முந்தையது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆராய்ச்சி என்பது தெரியாததைத் தேடுவது. தெரியாததற்கு எப்படி அட்டவணை போடுவது, போட்டால் அட்டவணைக்குள் அடங்கும் சிறிய கேள்விகள்தானே மிஞ்சும் என்பது அது. முட்டுக்காட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் முட்டுக்காடு நிலையத்தில் 1997இல் கொடுவா மீன் இந்தியாவில் முதன்முறையாகக் கட்டுப்பாட்டுச் சூழலில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது. கொடுவா முதலில் ஆணாகவே முதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்து, பல கிலோ எடை வந்தபின்தான் பெண்ணாக மாறுகிறது. தாய்மீன் கூட்டத்தை உருவாக்கவே ஒரு முனைவர் பட்டத்தின் குறைந்தபட்சக் காலம் போதாது. தயாரானபின்னும் முட்டையிடுவது சந்திரனின் ஓட்டத்தை ஒட்டி, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் நிகழ்கிறது. ஏறக்குறைய பதினெட்டு மணி நேரத்தில் முட்டை பொரிந்துவிடும். எந்த இரவில் என்று முன்கூட்டியே அட்டவணை எழுதுவது எளிதல்ல. ஆனால் அந்த இரவுகளில் தொட்டி நீர் சரியாக இருக்கவும், குஞ்சுக்கு முதல் உணவாகும் ரோட்டிஃபர் வளர்ப்பு தக்க நேரத்தில் உச்சத்தில் இருக்கவும், கையில் பதிவேட்டோடு ஆள் விழித்திருக்கவும் திட்டமிட முடியும். கண்டுபிடிப்பின் நாளைக் குறிக்கத் திட்டம் தேவையில்லை. அந்த நாள் வரும்போது வேறு வேலையில் சிக்கிக் கிடக்காமல் இருப்பதற்கே திட்டம். இந்த எடுத்துக்காட்டு இன்னொன்றையும் சொல்கிறது: கொடுவாவில் ஆய்வு செய்யும் மாணவர் தமக்கு முன்னால் வேறு யாரோ பல ஆண்டு வளர்த்த மீனை நம்பியிருக்கிறார். அவருடைய இருபது வாரப் பருவத்துக்குள் மற்றவர்களின் பத்தாண்டுகள் அடங்கியிருக்கின்றன. அந்த மீன்களும் தொட்டிகளும் எப்போது கிடைக்கும் என்பதைக் கேட்டறியாமல் போடும் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும்.

மழையும் மீனும் களஆய்வாளர்களின் கவலை, கணிதமோ கணினியோ பயில்பவருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கோவளத்திலிருந்து சற்று உள்நாட்டில், சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. அங்கே ஒரு தேற்றத்தை நிறுவ முயல்பவருக்கு முகத்துவாரம் அடைபட்டால் என்ன, திறந்தால் என்ன? ஆனால் கனடாவின் அந்த 37 மாணவர்களும் உளவியல் மாணவர்கள். எழுத்து மேசைதான் அவர்களுடைய களம். கால அளவு தவறுவதற்கு வானிலை தேவையில்லை. திரும்ப வராத சந்தர்ப்பங்கள் கணிதமோ கணினியோ பயில்பவர்களுக்கும் உண்டு: மாநாட்டுக் கட்டுரைக்கான கடைசி நாள், ஒரு வருகைப் பேராசிரியர் தங்கியிருக்கும் ஆறு வாரம், இரண்டு ஆண்டு முடிவில் இளநிலை உதவித்தொகையிலிருந்து முதுநிலைக்கு மாற்றும் மதிப்பீடு. கணிதத்தில் உண்மையான சிக்கல் வேறு. ஒரு கருத்து எப்போது பிடிபடும் என்பதற்குப் பழைய பதிவு எதுவும் உதவாது. அங்கே திட்டமிடத் தக்கது நேரம் மட்டுமே, விளைவு அல்ல. வாரத்தில் எந்தக் காலைப் பொழுதுகள் அந்தக் கணக்குக்கு, எத்தனை வாரம் முட்டியும் நகராவிட்டால் நெறியாளரிடம் போய்ச் சொல்வது என்ற இரண்டையும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இரண்டாவதை எழுதிவைக்காத மாணவர்கள் வெட்கத்தினால் மாதங்களை இழக்கிறார்கள். எந்தத் துறையிலும் இதைவிடத் துயரமான இழப்பு எனக்குத் தெரியவில்லை.

எழுதிவைப்பது என்றால் எப்படி எழுதிவைப்பது என்பதிலும் சான்று இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர், ‘இதைச் செய்வேன்’ என்று தீர்மானிப்பதற்கும் ‘இன்ன நிலைமை வந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று தீர்மானிப்பதற்கும் இருக்கும் வேறுபாட்டைப் பல ஆண்டு ஆராய்ந்தார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டாவது வகைத் தீர்மானம் நிறைவேறும் வாய்ப்பு நடுத்தரத்துக்கும் மேற்பட்ட அளவில் உயர்வதாகத் தெரிந்தது. காரணம் எளிது: நிலைமையே நினைவூட்டும் மணியாகிவிடுகிறது, அப்போதைக்கு யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை. கோவளத்து மாணவருக்கு இதைவிடத் தெளிவான மணி தேவையில்லை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்ற செய்தி வந்தால் அன்றே மாதிரிகளை மாற்று மின்வசதி உள்ள பெட்டிக்கு மாற்றுவேன், தரவை மூன்று இடங்களில் பதிவேன், மடிக்கணினியை முழுதாக மின்னேற்றி, ஆய்வுமுறை அத்தியாயத்தின் வரைவை எடுத்து உட்காருவேன். இப்படி முன்பே எழுதிவைத்தவருக்குப் புயல் வாரம் எழுத்து வாரமாகிறது. எழுதாதவருக்கு அது தொலைக்காட்சி பார்த்துக் கவலைப்படும் வாரம்.

இடைவெளி விட்டுத் திட்டமிட்டால் அந்த இடைவெளியையும் வேலை தின்றுவிடும் என்பது அடுத்த மறுப்பு. 1955இல் பார்க்கின்சன் எழுதிய கட்டுரைக்குப் பின் உலகமே இதைச் சொல்கிறது. இதற்கு மருந்தாக இடைக்கெடுகளைப் பரிந்துரைப்பார்கள். 2002இல் டேன் ஏரியலியும் கிளாவ்ஸ் வெர்டன்ப்ராக்கும் வெளியிட்ட சோதனையில், பிழைதிருத்தும் வேலையைச் சம இடைவெளியில் வெளியார் விதித்த கெடுகளோடு செய்தவர்கள் அதிகப் பிழைகளைக் கண்டார்கள். தாமே கெடு வைத்துக்கொண்டவர்கள் அடுத்து. எல்லாவற்றையும் கடைசி நாளில் ஒப்படைக்கலாம் என்று விடப்பட்டவர்கள் கடைசி. இந்த முடிவைப் பலரும் அப்படியே மேற்கோள் காட்டுகிறார்கள். 2020இல் ஆல்பர்ட்டோ பிசினும் கைல் ஹைண்ட்மனும் மாணவர்களிடம் நடத்திய கள ஆய்வு வேறு கதை சொல்கிறது: மாணவர்கள் தமக்குத் தாமே கெடு வைத்துக்கொள்ள விரும்பினார்கள், ஆனால் அப்படி வைத்ததால் வேலையை முடித்தவர்களின் விகிதம் கூடவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது, தனியே சுவரில் ஒட்டிக்கொள்ளும் தேதியை நம்பிப் பயனில்லை, எதிரே ஒரு மனிதர் காத்திருக்கும் தேதிக்கு வலு இருக்கலாம் என்பது. உறுதியாகச் சொல்ல இந்தச் சான்று போதாது. ஆனால் ‘அக்டோபர் 10க்குள் முதல் படம்’ என்று குறித்துக்கொள்வதைவிட, அதே நாளில் அதே படத்தைச் சக மாணவர் நால்வர் முன் காட்டுவதாக ஒப்புக்கொள்வதற்குச் செலவு ஏதுமில்லை. பலன் இருந்தால் பெரிது.

கடைசி மறுப்புதான் நியாயமானது, கோபத்துக்கும் உரியது. மாணவர் கையில் என்ன இருக்கிறது? வேதிப்பொருள் வாங்கும் கோப்பு அலுவலகத்தில் தங்குகிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வரிசை. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்பது ஆணை; அது கையில் விழும் தேதி ஆணையில் இல்லை. வாடகைக்குத் திண்டாடும் ஒருவரிடம் நன்றாகத் திட்டமிடு என்று சொல்வது அறிவுரை ஆகாது, பழியை இடம் மாற்றுவது. இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். தனிமனிதத் திட்டத்தால் தாமதமான உதவித்தொகையைச் சரிசெய்ய முடியாது. ஆனால் வெளிப்பார்வைக்குத் தேவையான பதிவு யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் இந்த மறுப்பே வழியும் காட்டுகிறது. ஒரு வினைப்பொருள் வந்துசேர எத்தனை வாரம் ஆகும் என்று புது மாணவருக்குத் தெரியாது. அவர் விற்பனையாளரின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் பத்து நாளை நம்புகிறார். அதே லேபில் நான்காம் ஆண்டில் இருக்கும் அக்காவுக்குத் தெரியும், துறையின் கணக்கருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பியூலரின் குழுவே கண்ட இன்னொன்று இங்கே உதவும்: அடுத்தவர் வேலைக்கு நாள் கணிப்பவர்கள் செய்பவரைப் போல நம்பிக்கை மிகுந்து கணிப்பதில்லை; மாறாகக் கொஞ்சம் கூடுதலாகவே நாள் சொல்கிறார்கள். ஆகவே பருவத் தொடக்கத்தில் ஒரு மாணவர் செய்யக்கூடிய பயனுள்ள காரியம், தம் திட்டத்தின் ஒவ்வொரு படிக்கும் கால அளவைத் தாமே எழுதாமல் மூத்த மாணவர் இருவரை எழுதச் சொல்வது.

நிறுவனங்கள் இதை வாய்ப்பேச்சுக்கு விட்டுவைத்திருப்பதுதான் குறை. 2022 விதிகளின்படி ஒவ்வொரு பருவமும் மாணவர் ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தை எடுத்துரைத்துச் சுருக்கமான அறிக்கை தர வேண்டும். பல துறைகளில் அது கையெழுத்துச் சடங்காக முடிகிறது. அந்த அறிக்கையில் இரண்டு நிரல்கள் சேர்த்தால் போதும்: சென்ற பருவத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை வாரம் என்று சொன்னோம், எத்தனை வாரம் ஆனது. தாமதத்தின் காரணத்தை ஒரு வரியில் குறிக்கலாம்: மழை, அனுமதி, கொள்முதல், கருவி, உடல்நலம், நெறியாளரின் கருத்துக்காகக் காத்திருந்தது. இது மாணவரைத் தண்டிக்கும் ஆவணமாக மாறும் என்ற அச்சம் வரும். அப்படி மாற விடக்கூடாது, பெயர் நீக்கித் துறைக்குள் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். நெறியாளர்கள் தம் பெயர் அந்தக் காரண வரியில் வருவதை விரும்பாமல் இருக்கலாம். ஆனாலும் ஐந்து ஆண்டில், முட்டுக்காட்டுக் கழியில் வேலை செய்த ஏழெட்டு மாணவர்களின் நிரல்கள் சேர்ந்தால், அடுத்து ஜூலையில் வருபவருக்கு மூன்று விடைகள் தயாராக இருக்கும்: உப்பளவுமானி வந்துசேர உண்மையில் எவ்வளவு நாள், வனத்துறை அனுமதிக்கு எவ்வளவு நாள், முகத்துவாரம் உடைந்தது எந்தெந்த ஆண்டில் எந்த வாரம். அவர் கோர்ஸ் வொர்க் வகுப்புகளுக்கு இடையிலேயே, வேறொருவரின் கருவியைக் கடன் வாங்கியாவது, செப்டம்பர் கடைசி வாரத்தில் முதல் மாதிரியை எடுத்துவிடலாம்.